விட்டல்பாய் பட்டேலும் சபை விதிகளும்

2024-ம் வருஷம் ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அருந்தி அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கேள்வி நேரத்தை ஒத்திவைத்து அதனையே உடனே விவாதிக்கவேண்டுமென்று தமிழ்நாட்டுச் சட்டசபையில் பிரதான எதிர்க்கட்சியினர் வற்புறுத்தினர். கேள்வி நேரம் கழிந்த பின்னரே பேசலாமென்றார் சபாநாயகர். கூச்சல் எழுந்தது, அங்கத்தினர் வெளியேற்றப்பட்டனர், 26-ந் தேதி அக்கூட்டத் தொடர் முடியும்வரை நீக்கிவைக்கப்பட்டனர். ஏனையோர் பேசினர், சர்க்காரும் பதிலளித்தது. கட்சிகளுக்குத் தீர்ப்புக் கூறுவது இங்கு நம் நோக்கமன்று. விவாத விதிகள் யாருக்காக ஏற்பட்டவை என்பதே நாம் கேட்பது. அதற்கு விடை காண விரும்புவோர் காலஞ்சென்ற விட்டல்பாய் பட்டேலின் சரித்திரத்தை அறிதல் வேண்டும்.

குஜராத்தில் விவசாயக் குடும்பத்தில் உதித்த விட்டல்பாய், சர்தார் வல்லபபாயின் தமையனார். தம்பி பெயருக்கு வந்த பிரயாண அனுமதியைக் கொண்டே சீமைக்குச் சென்று பாரிஸ்டரானார், வி. ஜே. பட்டேல் என்ற பெயர் இருவருக்கும் பொதுவாயிருந்தது. பம்பாய்ச் சட்டசபையில் அவர் கொணர்ந்த ஆரம்பக் கல்விச் சட்டம் 1918-ல் நிறைவேறிற்று. மறு வருஷம் ரௌலட் மசோதாவை மும்முரமாக எதிர்த்தார். 1923-ல் சுயராஜ்யக் கட்சியின் சார்பில் மத்திய சட்டசபைக்குள் புகுந்தார்.

சபைக்குள் சென்று சர்க்கார் காரியங்களுக்கு முட்டுக்கட்டை இடுவதே அக்கட்சியின் கொள்கை. இம்முறைக்கு அயர்லாந்து தேசத்தார் வழிகாட்டிகள். 1881-ல் பார்னலின் கட்சியினர் அடக்குமுறை மசோதாவை எதிர்த்து பிரிட்டிஷ் காமன்ஸ் சபையை 41 மணி நேரம் ஓயாமல் நடத்தினர். சபாநாயகர் பிராண்ட் தம் பொறுப்பிலேயே விவாதத்தை முடித்தார். மறு வருஷம் அதற்கென விதியும் பிறந்தது. அமெரிக்க செனட்டிலோ 1917 வரையில் வரம்பற்ற பேச்சை முடிக்க விதியே இல்லை. அவ்வருஷம் மூன்றிலிரு பங்கினர் இசைந்தால் முடிக்கலாமென்று ஏற்படுத்தினர்.

இத்தகைய முட்டுக்கட்டைக் கட்சியினரான விட்டல்பாயே 1925-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் மத்திய சட்டசபையின் அக்ராசனரானார். சென்னை திவான் பகதூர் டி. ரங்காச்சாரியாரை 56-க்கு 58 வோட்டுகளால் வென்றார். அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியர் அவரே. பதவியேற்றதும் தாம் இனி எக்கட்சியையும் சேர்ந்தவரல்லரென அறிவித்தார். 1926 மார்ச்சில் சுயராஜ்யக் கட்சியினர் வெளிநடப்புச் செய்தபொழுது, எதிர்ப்பில்லாத சபை முழுமையான சபையாகாது. விவாதத்துக்குரிய மசோதாக்களை அதன்முன் கொணரலாகாது என எச்சரித்தார். மறுநாள் தம் வார்த்தையின் கடுமையைக் குறைத்துக்கொண்டார். கண்ணியம் என்பது இதுவன்றோ! 1927-ல் சபை அவரை ஏகமனதாக மீண்டும் தேர்ந்தெடுத்தது.

1928 செப்டம்பரில் பொதுஜனப் பாதுகாப்பு மசோதாவுக்கு 61 பேர் அனுகூலமாகவும் 61 பேர் பிரதிகூலமாகவும் நின்றனர். இத்தகைய அசாதாரணச் சட்டத்தைக் கோருவோர் சபையில் பெரும்பான்மையை இணங்கச் செய்ய வேண்டுமெனக் கருதி, தம் வோட்டை அதற்கெதிராக அளித்தார். மறு வருஷம் அம்மசோதா மீண்டும் வந்தது. அதற்குள் மீரத் சதி வழக்குத் தொடரப்பட்டிருந்தது. கோர்ட்டு விசாரணையிலுள்ள விஷயத்தைத் தொடாமல் மசோதாவை விவாதிப்பது இயலாதென்று கண்டு, ஒன்று வழக்கை வாபஸ் பெறுங்கள், அன்றேல் மசோதாவை ஒத்திவையுங்கள் என்றார். சர்க்கார் இணங்கவில்லை. ஏப்ரல் 8-ந் தேதி பகத் சிங்கும் தத்தரும் சபைக்குள் குண்டெறிந்தனர். அந்தக் குழப்பத்திலும் கலங்காது 11-ந் தேதி மசோதா ஒழுங்குக்குப் புறம்பானது எனத் தீர்ப்பளித்தார். மறுநாளே வைஸ்ராய் இர்வின் இரு சபைகளையும் கூட்டி, இவ்வித அதிகாரம் அக்ராசனருக்கு இராதபடி விதிகள் திருத்தப்படுமெனக் கூறினார். 13-ந் தேதி மசோதாவின் கருத்தையே அவசரச் சட்டமாகப் பிறப்பித்தார். வாதத்தில் தோற்றவர் ஆட்டத்தின் விதியை மாற்றினர்!

1930 ஏப்ரலில் பதவியைத் துறந்து, சிறை சென்று, உடல் நலிந்து, 1933-ம் வருஷம் அக்டோபர் 22-ந் தேதி ஜினீவாவில் உயிர்நீத்தார்.

இச்சரித்திரம் நமக்குப் போதிப்பது யாது? சபாநாயகர் பீடம் சர்க்காரின் ஆயுதமுமன்று, எதிர்க்கட்சியின் கேடயமுமன்று. பேச்சை நீட்டுவதும் முடிப்பதும் ஜனங்களின் குறை சபையேறுவதற்கே. கல்வராயன் மலைவாழ் மக்களின் நிலையை 2024-ல் சென்னை ஹைகோர்ட்டு தானாகவே விசாரணைக்கு எடுத்தது. மலைப் பாதையும் பஸ் வசதியும் கோர்ட்டில் பேசப்படுவது நன்றே. ஆயினும் அவை பேசப்படவேண்டிய முதல் இடம் சட்டசபை. அங்கு விதியைப் பற்றிய சச்சரவே நேரத்தை விழுங்குமாயின், நஷ்டம் எக்கட்சிக்குமன்று, அக்குடிகளுக்கே. விதியைக் கையாளுவோரும் மீறுவோரும் இதனை எண்ணிப்பார்ப்பார்களாக.