மார்லன் ரிக்ஸ்: தன் மக்களை நோக்கியும் கேமராவைத் திருப்பியவர்

ஒடுக்குவோரை எதிர்த்துப் பேசுவதற்கு ஒரு துணிவு வேண்டும். ஒடுக்கப்பட்ட தன் சொந்த மக்களிடம், அவர்கள் கேட்க விரும்பாத ஓர் உண்மையை, அவர்களை விட்டு விலகாமலேயே சொல்வதற்கு இன்னொரு துணிவு வேண்டும். அமெரிக்கக் கறுப்பின ஆவணப்பட இயக்குநர் மார்லன் ரிக்ஸிடம் இவ்விரண்டும் இருந்தன. 37 ஆண்டுகளே வாழ்ந்த அவர், எய்ட்ஸ் நோயால் 1994-இல் மறைந்தார். நிறவெறியை ஆராய்ந்த படங்களுக்காகப் பாராட்டப்பட்ட அவர், கறுப்பினச் சமூகத்துக்குள் தன்பாலீர்ப்பாளர்கள் மீது திணிக்கப்பட்ட மௌனத்தைப் படமாக்கியபோது பல முனைகளிலிருந்தும் தாக்கப்பட்டார்.

கறுப்பர் போராட்டத்துக்கும் தலித் போராட்டத்துக்கும் இடையேயான உறவு நமக்குப் புதிதன்று. அண்ணல் அம்பேத்கர் 1946-இல் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.ஈ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972-இல் மும்பையில் உருவான தலித் பேந்தர் இயக்கம், அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டது. எனினும் கறுப்பர் இயக்கங்களின் எழுச்சியைப் படித்த அளவுக்கு, அவற்றின் உள்ளேயிருந்து எழுந்த விமர்சனங்களை நாம் படித்ததில்லை. ரிக்ஸின் வாழ்க்கை அந்த விமர்சனத்தின் வரலாறு. காயப்பட்ட ஒரு மனிதன் ஆவணப்படத்தின் வழியே தன்னை ஆற்றிக்கொண்ட வரலாறும் அதுவே.

இருபுறமும் வந்த வசை

ரிக்ஸ் 1957 பிப்ரவரி 3 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரில் பிறந்தார். பெற்றோர் ராணுவம் சார்ந்த பணியில் இருந்ததால் குடும்பம் ஊர்விட்டு ஊர் மாறிக்கொண்டிருந்தது. ஜார்ஜியா மாநிலத்தின் ஹெப்ஸிபா என்னும் ஊரில் படித்த நாட்கள் அவருள் ஆறாத வடுவாகப் பதிந்தன. வெள்ளை மாணவர்கள் அவரை நிறத்தைச் சொல்லி ஏசினர். கறுப்பின மாணவர்களோ, வெள்ளையருக்கு அடங்கிப்போகும் கறுப்பருக்குரிய அங்கிள் டாம் என்ற வசைப்பெயரைச் சூட்டினர். அவருடைய பாலீர்ப்பைக் குறிக்கும் ஏச்சுச் சொற்களும் சேர்ந்துகொண்டன. எந்தப் பக்கமும் ஒதுங்க இடமில்லாத சிறுவன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். பின்னாளில் அவர் எடுத்த படங்களில் மௌனம் திரும்பத் திரும்ப வரும் கருப்பொருளானதற்கான வேர் இங்கே இருக்கிறது.

அவருக்குப் பதினோரு வயதானபோது குடும்பம் ஜெர்மனிக்குச் சென்றது. பள்ளிப் படிப்பை அங்கே முடித்த ரிக்ஸ், அமெரிக்கா திரும்பி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்று 1978-இல் சிறப்புத் தகுதியுடன் பட்டம் பெற்றார். தான் தன்பாலீர்ப்பாளர் என்பதை அங்கேதான் அவர் தனக்குள் ஒப்புக்கொண்டார். அதைப் பற்றிப் படிக்கப் பாடத்திட்டத்தில் எதுவும் இல்லாததால், தனியாய்வு செய்ய அனுமதி கேட்டுப் பெற்றார். பிறகு டெக்சாஸின் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் சேர்ந்து, அங்கு நிலவிய நிறப்பாகுபாட்டைச் சகியாமல் ஓராண்டளவில் வெளியேறினார். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் முதுகலைப் படிப்பில் சேர்ந்து ஆவணப்படக் கலையைக் கற்றார். 1981-இல் ஓக்லாந்து நகரின் புளூஸ் இசை வரலாற்றைப் பற்றிய படத்தோடு அப்படிப்பு நிறைவுற்றது. 1987 முதல் அதே இதழியல் துறையில் ஆசிரியரானார்.

சமையலறையில் இருந்த சாட்சியம்

அவருக்குப் பெயர் வாங்கித் தந்த முதல் படம், 1987-இல் வெளிவந்த 'எத்னிக் நோஷன்ஸ்'. கறுப்பர்களைக் கேலிச்சித்திரமாக்கிய அன்றாடப் பொருட்களே அதன் சாட்சியங்கள். உப்புக் குப்பிகள், பிஸ்கட் சாடிகள், விளம்பர அட்டைகள், பாட்டுப் புத்தகங்கள், கார்ட்டூன் படங்கள் எனச் சாதாரண அமெரிக்க வீட்டின் சமையலறையிலும் கூடத்திலும் இருந்தவற்றை அவர் வரிசையாக அடுக்கினார். அடிமைமுறை இருந்த காலத்தில் கறுப்பர் மகிழ்ச்சியான வேலைக்காரராகச் சித்திரிக்கப்பட்டனர். அடிமைமுறை அவர்களுக்கு உகந்ததே என்று காட்டுவதற்கு அச்சித்திரம் தேவைப்பட்டது. அடிமைமுறை ஒழிந்த பிறகு அதே கறுப்பர் கொடிய மிருகமாக வரையப்பட்டனர். கும்பல் படுகொலைகளை நியாயப்படுத்த இந்தச் சித்திரம் தேவைப்பட்டது. கறுப்பர் மாறியதால் சித்திரம் மாறவில்லை, வெள்ளை ஆதிக்கத்தின் தேவை மாறியதால்தான் மாறியது என்பதைப் படம் பொருள் பொருளாகக் காட்டி நிறுவுகிறது.

இப்படம் எம்மி விருதைப் பெற்றது. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் கறுப்பர் காட்டப்பட்ட விதத்தை ஆராயும் 'கலர் அட்ஜஸ்ட்மென்ட்' என்ற அவரது பிற்காலப் படத்துக்குப் பீபாடி விருது கிடைத்தது. இப்பாதையிலேயே நடந்திருந்தால் பாதுகாப்பான புகழ் அவருக்கு நிலைத்திருக்கும். வரலாற்று ஆவணங்களையும் அறிஞர் கூற்றுகளையும் கோத்து, தன்னைத் திரைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பேசும் முறை அது. அம்முறையால் சொல்ல முடியாத ஒன்று அவரிடம் எஞ்சியிருந்தது.

கட்டவிழ்ந்த நாவுகள்

1988-இல் ஜெர்மனியில் இருந்தபோது சிறுநீரகங்கள் செயலிழந்து ரிக்ஸ் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். எச்.ஐ.வி. தொற்று இருப்பது அப்போது தெரியவந்தது. ஆயுளை நீட்டிக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை 1996 வாக்கில்தான் பரவலானது. அதற்கு முந்தைய அந்த ஆண்டுகளில் இச்செய்தி பெரும்பாலும் மரணச் செய்தியே. அவர் வேலையை நிறுத்தவில்லை. 1989-இல் 'டங்ஸ் அன்டைட்' வெளிவந்தது. கட்டவிழ்ந்த நாவுகள் என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம்.

சுமார் 55 நிமிடப் படம் அது. நடுநிலைப் பின்னணிக் குரல் எதுவும் அதில் இல்லை. கவிஞர் எசெக்ஸ் ஹெம்ஃபில் முதலியோரின் கவிதை, நடனம், இதயத் துடிப்பின் ஓசை, விரலைச் சொடுக்கிக் கேலிபேசும் நகைச்சுவை ஆகியவற்றோடு ரிக்ஸின் வாக்குமூலமும் இணைகிறது. அவரே கேமராவுக்கு முன் வந்து ஹெப்ஸிபாவின் நாட்களைச் சொல்கிறார். வசைபாடும் வாய்கள் மட்டும் பெரிதாகத் திரையை நிறைக்கின்றன. தன்பாலீர்ப்பாளர்களை இழிவுபடுத்தும் கறுப்பின நகைச்சுவைக் கலைஞரின் மேடைப் பேச்சும் அதற்குச் சிரிக்கும் கூட்டமும் படத்தில் உண்டு. வெள்ளைத் தன்பாலீர்ப்பாளர்களின் வட்டங்களில் கறுப்பர் கண்ணுக்கே தெரியாதவராய் நடத்தப்பட்டதையும் படம் விடவில்லை. எய்ட்ஸுக்குப் பலியான கறுப்பின ஆண்களின் இரங்கல் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன; அவ்வரிசையில் ரிக்ஸ் தன் முகத்தையும் வைத்தார். சாவுக்கு ஐந்தாண்டுகள் முன்பே தன் இரங்கல் குறிப்பைத் தானே எழுதியது போன்ற செயல் அது. இறுதியில் குடியுரிமைப் போராட்டப் பேரணியும் கறுப்பினத் தன்பாலீர்ப்பாளர்களின் பேரணியும் அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன. இரண்டும் ஒரே வரலாறு என்பதே அவருடைய வாதம்.

1991-இல் பொதுத் தொலைக்காட்சியின் ஆவணப்படத் தொடர் ஒன்றில் இப்படம் ஒளிபரப்பாகவிருந்தபோது பல நிலையங்கள் அதைக் காட்ட மறுத்தன. அரசின் கலை நிதியிலிருந்து ஒரு சிறு தொகை படத்துக்குக் கிடைத்திருந்ததைப் பிடித்துக்கொண்டு வலதுசாரிகள் கூச்சலிட்டனர். 1992-இல் குடியரசுக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் போட்டியிட்ட பேட் புக்கானன், படத்தின் காட்சிகளை வெட்டியெடுத்து, அதிபர் ஜார்ஜ் புஷ்ஷுக்கு எதிரான தேர்தல் விளம்பரத்தில் பயன்படுத்தினார். ரிக்ஸ் ஒளிந்துகொள்ளவில்லை. நோயுற்ற உடலோடு கட்டுரைகள் எழுதினார், விவாதங்களில் பங்கேற்றார். சிறுபான்மையினர் மீதான பெரும்பான்மையின் அச்சத்தை வாக்காக மாற்றும் அரசியலே இது என்று விளக்கினார்.

விமர்சனங்கள் அவருடைய தரப்பிலிருந்தும் வந்தன. கறுப்பின ஆண்கள் ஒருவரையொருவர் நேசிப்பதைப் புரட்சியாக அறிவிக்கும் படத்தின் இயக்குநருக்கு வெள்ளையர் ஒருவர் வாழ்க்கைத் துணைவராக இருப்பது எப்படிப் பொருந்தும் என்று சிலர் கேட்டனர். படம் ஆண்களின் உலகத்துக்குள்ளேயே நிற்கிறது என்பதும் உண்மை. அவருடைய கடைசிப் படம் அந்த எல்லையைத் தாண்டியது.

ஆற்றங்கரைக் கனவு

எய்ட்ஸ் நோயாளி முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டியிருந்த காலம் அது. 1992-இல் ரிக்ஸ் எடுத்த 'நோ, ழ நெ ரெக்ரெட் ரியான்' என்ற குறும்படத்தில் எச்.ஐ.வி. தொற்றுள்ள ஐந்து கறுப்பின ஆண்கள் பேசுகின்றனர். தொடக்கத்தில் அவர்களின் முகங்கள் மறைந்திருக்கின்றன. பேச்சு வளர வளரக் கண், வாய் எனச் சிறிது சிறிதாக வெளிப்பட்டு, முழு முகமும் தெரிகிறது. ரிக்ஸ் புரிந்துகொண்ட குணமாதல் இதுதான். நோய் உடலை விட்டு நீங்காது. ஆனால் நோயின்மேல் சமூகம் ஏற்றிவைத்த வெட்கத்தை இறக்கிவைக்க முடியும்.

கடைசிப் படமான 'பிளாக் இஸ்... பிளாக் ஏன்ட்' கறுப்பர் என்றால் யார் என்ற கேள்வியை எழுப்புகிறது. ரிக்ஸின் குடும்ப வேர்கள் லூசியானாவில் இருந்தன. பல பொருட்களை ஒரே சட்டியில் இட்டுச் சமைக்கும் அவ்வூரின் கம்போ என்னும் குழம்பை, பாட்டியின் கைப்பக்குவத்தின் நினைவோடு, அவர் கறுப்பினச் சமூகத்துக்கு உவமையாக்கினார். ஒவ்வொரு பொருளும் தன் சுவையை இழக்காமலே குழம்பு ஒன்றாகிறது. ஏஞ்சலா டேவிஸ், பெல் ஹூக்ஸ், மிஷெல் வாலஸ், பார்பரா ஸ்மித் முதலிய பெண்கள் இதில் பேசுகின்றனர். கறுப்பின விடுதலை என்பது ஆண்மையை மீட்பதாகச் சுருக்கப்பட்டபோது பெண்கள் எங்கே நிறுத்தப்பட்டனர் என்ற கேள்வி படத்தின் நடுவே நிற்கிறது.

திருச்சபையையும் ரிக்ஸ் அப்படியே அணுகினார். அடிமைகளுக்கு ஆறுதலும் பாட்டும் அமைப்பும் தந்தது கறுப்பினத் திருச்சபை. அதே பிரசங்க மேடையிலிருந்து தன்பாலீர்ப்பாளர்கள் பாவிகளாக அறிவிக்கப்பட்டனர். அவர் அந்த ஆன்மிக மரபைத் தூக்கி எறியவில்லை. அதன் ஊற்றுக்கே திரும்பினார். மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே அவர் ஒரு கனவை விவரிக்கிறார். நூற்றுக்கணக்கான மைல் நடந்து அடிமைகளை விடுதலை நிலத்துக்கு அழைத்துச்சென்ற ஹாரியட் டப்மன் ஆற்றங்கரையில் நிற்கிறார். அவரோடு அந்த ஆற்றைக் கடப்போம் என்ற உறுதி கனவு கண்டவருக்குக் கிடைக்கிறது. ஆறு கடத்தல் என்பது அடிமைகளின் பக்திப் பாடல்களில் மரணத்தையும் விடுதலையையும் சேர்த்தே குறித்த படிமம். தன்னை வெளியே தள்ளிய சமயத்தின் மொழியிலேயே, தான் இறந்தாலும் தன் மக்களோடுதான் இருப்பேன் என்று அவர் பதிவு செய்தார்.

உடல் மெலிந்துகொண்டே வருவதைப் படம் மறைக்கவில்லை. 1994 ஏப்ரல் 5 அன்று ஓக்லாந்தில் ரிக்ஸ் காலமானபோது படம் முடிந்திருக்கவில்லை. உடன் பணியாற்றிய தோழர்கள் அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு அதை முடித்தனர். 1995-இல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் அது விருது பெற்றது.

நமக்கான கேள்வி

நம் இயக்கங்களுக்கும் இந்த வாழ்க்கைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. சாதிய வன்கொடுமையை அம்பலப்படுத்த நாம் கேமராவைக் கையில் எடுத்திருக்கிறோம், எடுக்கத்தான் வேண்டும். ஆனால் தன் வீட்டுக்குள் அடிவாங்கும் தலித் பெண் பேச முற்படும்போது, எதிரிக்கு அது ஆயுதமாகிவிடும், இப்போது வேண்டாம் என்ற பதில் நம்மிடமிருந்தே வருகிறது. விடுதியில் சாதியால் ஒதுக்கப்படும் மாணவர், தன் பாலீர்ப்பைச் சொன்னால் நம் வாசிப்பு வட்டத்திலும் ஒதுக்கப்படுகிறார். திருநர்களுக்குக் கிடைமட்ட இடஒதுக்கீடு வேண்டும் என்று கிரேஸ் பானு போன்ற தலித் திருநர் செயற்பாட்டாளர்கள் முன்வைக்கும் கோரிக்கை, சாதியையும் பாலினத்தையும் ஒரே உடலில் சுமப்போரின் நியாயத்திலிருந்து பிறந்தது. அதை முதன்மைக் கோரிக்கையாக நம் மேடைகளில் எத்தனை முறை ஒலித்திருக்கிறோம்?

உள்விமர்சனம் ஒற்றுமையைக் குலைக்கும் என்ற அச்சத்துக்கு ரிக்ஸின் வாழ்க்கை தெளிவான மறுமொழி தருகிறது. நிறவெறிக்கு எதிரான அவருடைய படங்களின் கூர்மை, தன் சமூகத்தைக் கேள்வி கேட்டதால் மழுங்கிவிடவில்லை. அண்ணல் 1956-இல் பௌத்தத்தை ஏற்றபோது சமத்துவத்தோடு மைத்திரியையும் நமக்கு வழியாகக் காட்டினார். அந்த மைத்திரியை நம்மில் மிகவும் தனித்து விடப்பட்டவர்களிடமிருந்து தொடங்குவதே முறை. கல்லூரிப் படிப்பு வட்டங்களில் ரிக்ஸின் படங்களைத் திரையிடுவோம். திரையிட்ட பின் நடக்கும் விவாதத்தில், இதுவரை நம் கூட்டங்களில் வாய் திறக்காதவர்களை முதலில் பேசவிட்டு, இடைமறிக்காமல் கேட்போம்.