ஐயர் நூல் கற்ற முறை

கீழ்பென்னாத்தூரிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை திருவண்ணாமலையைத் தொட்டு, அப்பால் செங்கத்தை அடைகின்றது. செங்கத்திற்குச் செங்கண்மா என்பது பழம்பெயர். சங்ககாலத்தில் அவ்வூரைத் தலைநகராகக் கொண்டு நன்னன் என்னும் குறுநில மன்னன் ஆண்டான். அவனுடைய மலையையும், அம்மலையில் எழும் பல்வகை ஓசைகளையும், சேயாற்றையும் பெருங்கௌசிகனார் என்னும் புலவர் 583 அடிகளில் பாடினார். அப்பாட்டே மலைபடுகடாம். அது பத்துப்பாட்டுள் ஒன்று. பத்துப்பாட்டு முழுவதும் உரையுடன் 1889-ஆம் ஆண்டில் முதன்முதலாக அச்சேறியது. அதற்கு முன்னர், நம் பக்கத்து மலையைப் பற்றிய பாட்டு நம்மவரிற் பலர்க்குப் பெயரளவிலும் தெரியாதிருந்தது. அதனைப் பதிப்பித்தவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர். அவர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த வரலாற்றைப் பலரும் கூறுவர். தேடிக் கொணர்ந்த ஏட்டை அவர் எவ்வாறு படித்தார் என்பதை அறிந்தோர் சிலரே. அதனையே ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

சாமிநாதையர் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 19-ஆம் நாள் பிறந்தார். கும்பகோணத்தை அடுத்த உத்தமதானபுரம் அவர் குடும்பத்தார் வாழ்ந்த ஊர். தந்தையார் வேங்கட சுப்பையர் இசைவாணர்; இராமாயணக் கீர்த்தனங்களைப் பாடிக் கதை சொல்லி, அதனால் வந்த சிறு வருவாயைக் கொண்டு குடும்பத்தைக் காத்தவர். மகனுக்குத் தமிழில் வேட்கை மிகுந்தமையால், கற்பிப்பார் எவ்வூரில் உளர் என்று கேள்வியுற்றாலும் அவ்வூருக்குக் குடிபெயர்ந்து சென்றார். இங்ஙனம் ஒருவரிடம் நன்னூலும் மற்றொருவரிடம் காரிகையுமாகச் சாமிநாதையர் கற்று வந்தார்.

அக்காலத்தில் மனப்பாடமே கல்விக்கு அடிப்படையாக இருந்தது. அதனை இகழ்தல் கூடாது. அச்சுப் புத்தகம் அரிதாயிருந்த நாளில் நெஞ்சமே நூல்நிலையம். ஆயினும் பொருளுணராத மனப்பாடம் எத்துணைப் பயன்படும் என்பதை யாமும் பட்டறிந்தோம். இளமையில் நிகண்டின் ஒரு தொகுதி முழுவதையும் தடையின்றி ஒப்பித்து நின்றபோது, ஆசிரியர் அதனுள் ஒரு சொல்லைச் சுட்டி, அச்சொல் அமைய ஒரு வாக்கியம் கூறுமாறு பணித்தார். எமக்கு வாய் திறக்கவில்லை. அன்று அடைந்த நாணம் இன்றும் மறந்திலது.

1871-ஆம் ஆண்டில், பதினாறு வயதில், சாமிநாதையர் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடைந்தார். பிள்ளையவர்கள் நைடதத்தில் ஒரு செய்யுளைச் சொல்லச் செய்து பொருளும் கேட்ட பின்னரே அவரை ஏற்றுக்கொண்டார்கள். ஆசிரியர் பாடிக்கொண்டே செல்வார். மாணவர் ஏட்டில் எழுதுவார். ஒரு செய்யுள் எவ்வாறு தோன்றி, அடியடியாக வளர்ந்து, உருப்பெறுகின்றது என்பதைக் கண்ணெதிரே காணும் பேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்! அந்நாளில் மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் அவர் இசையும் பயின்றார். அது தமிழ்க் கல்விக்கு இடையூறாகும் என்று ஆசிரியர் கருதியதை அறிந்தவுடன் அப்பயிற்சியை நிறுத்திவிட்டார். 1876-ஆம் ஆண்டில் பிள்ளையவர்கள் மறைந்தார்கள். பின்பு திருவாவடுதுறை ஆதீனத் தலைவராகிய சுப்பிரமணிய தேசிகரிடம் கல்வி தொடர்ந்தது. 1880-இல், தியாகராச செட்டியாரின் பரிந்துரையால், கும்பகோணம் கல்லூரியில் அவருக்குத் தமிழாசிரியர் பதவி கிடைத்தது.

அவ்வாண்டு அக்டோபர் மாதம் 21-ஆம் நாள், அவ்வூரில் முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற நூல்கள் யாவை என்று முதலியார் வினவினார். ஐயர் அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் உலாக்களையும் கோவைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். முதலியார் முகத்தில் வியப்பு ஒன்றும் தோன்றவில்லை. புராணங்களையும் கம்பராமாயணத்தையும் கூறியும் பயனில்லை. இவற்றிற்கெல்லாம் முற்பட்ட பழைய நூல்களைக் கற்றதுண்டா என்பதே முதலியாரின் கேள்வி. சீவகசிந்தாமணியையும் மணிமேகலையையும் அவர் பெயர் சொல்லிக் கேட்டார். ஐயர் அவற்றைப் படித்திலர்.

இருபத்தைந்து வயதில் கல்லூரி ஆசிரியராக அமர்ந்த ஒருவர்க்கு இது சிறிய தாழ்வன்று. மற்றொருவராயின் முதலியாரைக் குறை கூறிக்கொண்டு வீடு திரும்பியிருப்பர். ஐயரோ முதலியாரிடமிருந்த சிந்தாமணியின் காகிதப் பிரதியைப் பெற்றுவந்து படிக்கத் தொடங்கினார். முதலியாருக்கே அதனைப் பாடஞ் சொல்லவும் இசைந்தார். பிறருக்கு விளக்க வேண்டிய கடமை வந்தபின், விளங்காத இடத்தை விளங்கியதாகக் கருதிக் கடந்து செல்லுதல் இயலாதன்றோ?

விளங்காத இடங்களோ பல. சிந்தாமணி 3,145 செய்யுட்களை உடையது. அதனை இயற்றிய திருத்தக்கதேவர் சைனர். நூலின் கடவுள் வாழ்த்து அருகக் கடவுளைப் பற்றியது. சைவ மடத்தில் பயின்ற ஐயருக்கு அச்சமயக் கொள்கைகள் புதியன. உரையாசிரியர் நச்சினார்க்கினியரின் உரையைக் கொண்டு தெளியலாமெனின், அவ்வுரையும் ஆழமானது. ஏடுகளின் நிலையோ அதனினும் கொடிது. மெய்யெழுத்திற்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே, பொருளறிந்தாலன்றிச் சொல்லை அறிய முடியாது. சொல்லறிந்தாலன்றிப் பொருளை அறிய முடியாது.

இம்முடிச்சை அவிழ்க்க அவர் மேற்கொண்ட வழி மாணவர் ஊன்றி நோக்கத்தக்கது. கும்பகோணத்தில் சைனர் வாழும் வீடுகளுக்குச் சென்றார். அவர்கள் சிந்தாமணியைத் தம் இல்லங்களில் முறையாகப் படித்துப் பொருள் கேட்டு வருதலைக் கண்டு வியந்தார். கல்லூரிப் பண்டிதர் அறியாத நூல் அங்கே வழிவழியாக வாழ்ந்துகொண்டிருந்தது! சந்திரநாத செட்டியார் முதலியோரிடம் தம் ஐயங்களை ஒளியாது கேட்டுத் தெளிந்தார். ஆசிரியர் என்னும் பெருமை அவர் வினவுதற்குத் தடையாகவில்லை.

கேட்டதையெல்லாம் நினைவில் மட்டும் வைத்திராது எழுதியும் வைத்தார். ஒரு சொல் நூலில் எங்கெங்கு வருகின்றது, அவ்விடங்களில் உரையாசிரியர் என்ன பொருள் உரைத்தார் என்பவற்றைக் குறித்துத் தமக்கென அகராதி வகுத்துக்கொண்டார். ஓரிடத்தில் மயக்கந் தந்த சொல் வேறோரிடத்தில் தெளிவாக நின்று முன்னதற்கு விளக்கமாயிற்று.

நச்சினார்க்கினியர் தம் உரையில் பழம்பாடல் அடிகளை மேற்கோளாகக் காட்டுவார். ஆனால், பிறரும் அவ்வாறு கூறினர் என்னும் அளவோடு அமைந்து, பாடியவர் பெயரையோ நூற்பெயரையோ பல இடங்களில் சொல்லார். படிப்போர் பெரும்பாலும் அவற்றைத் தாண்டிப் போவர். ஐயரால் தாண்ட முடியவில்லை. அப்பிறர் யாவர் என்னும் வினா அவரை அலைக்கழித்தது. மேற்கோள் அடிகளைத் தனியே தொகுத்து வைத்துக்கொண்டு, கையிற் கிடைத்த ஏடுகளிலெல்லாம் அவற்றைத் தேடினார். அவ்வாறு தேடியபோதுதான் திருவாவடுதுறை மடத்து ஏடுகளிடையே பத்துப்பாட்டு அவருக்குப் புலப்பட்டது. முன்னர்க் குறித்து வைத்த அடிகள் அதன்கண் நின்றன. செங்கண்மாவின் மலைபடுகடாமும் இவ்வாறே வெளிவந்தது. உரையின் ஓரத்தில் எழுந்த ஒரு சிறு வினாவுக்கு இத்துணைப் பெரிய விடை!

பல பிரதிகளை ஒப்பிட்டு ஏழாண்டு உழைத்தபின், 1887-இல் சிந்தாமணி அச்சாயிற்று. பின்னர்ப் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும் வந்தன. அவர் பதிப்புக்களின் முன்னும் பின்னும் காணப்படும் அரும்பத அகராதியும், புலவர் வரலாறும், மேற்கோள் விளக்கமும் அவர் படிக்கும்போது எடுத்த குறிப்புக்களின் முதிர்ந்த வடிவமேயாம்.

மணிமேகலை வேறு வகையில் அவரைச் சோதித்தது. பௌத்த நூல் கற்றார் தமிழகத்தில் அந்நாளில் அரியர். ஐயரோ ஆங்கிலம் அறியாதவர். அவருடன் கல்லூரியில் பணியாற்றிய மளூர் அரங்காசாரியார் பௌத்தம் பற்றிய ஆங்கில நூல்களைப் படித்து அவற்றின் பொருளை எடுத்துரைக்க, ஐயர் கேட்டுத் தெளிந்தார். கேட்டதனோடு நில்லாமல், தாம் உணர்ந்ததைப் புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் எனத் தம் நடையில் எழுதிப் பார்த்தார். 1898-இல் மணிமேகலை அச்சேறிற்று.

1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி, 1919-இல் ஓய்வு பெற்றார். பட்டங்களும் பாராட்டுக்களும் தாமே வந்தன. 1937-இல், எண்பத்திரண்டாம் வயதில், குறுந்தொகையைத் தம் உரையுடன் வெளியிட்டார். 1940 முதல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றை எழுதியபோது, அறுபது எழுபது ஆண்டுகட்கு முன் கற்ற பாடத்தையும், கற்பித்தவரையும், கற்ற இடத்தையும் நேற்று நிகழ்ந்தனபோல விரித்துரைத்தார். அவ்வரலாறு நிறைவுறுமுன்னரே, 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28-ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் மறைந்தார். அவர் தொகுத்த ஏட்டுச்சுவடிகளையும் நூல்களையும் காத்தற்பொருட்டு 1943-இல் அவர் பெயரால் நிறுவப்பெற்ற நூல்நிலையம் சென்னைப் பெசன்ட் நகரில் உள்ளது.