புகை மலையைப் படம் பிடித்தவர்

அமெரிக்காவில் புகை மலை என்று ஒரு மலைத் தொடர் இருக்கிறது. அங்கே நெருப்பு கிடையாது. எரிமலையும் கிடையாது. ஆனாலும் மலை எப்போதும் புகைந்துகொண்டிருப்பது போலவே தோன்றும்.

வட கரோலினா, டென்னசி என்ற இரண்டு மாநிலங்களுக்கு நடுவே அந்த மலைத் தொடர் ஓடுகிறது. அங்கே வாழ்ந்த செரோக்கி இன மக்கள், நீலப் புகை சூழ்ந்த இடம் என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் புகை மரங்களிலிருந்து வருகிறது. கோடிக்கணக்கான மரங்களின் இலைகள் ஒருவகை ஆவியை வெளியே விடுகின்றன. அது காற்றில் மிக நுண்ணிய துகள்களாக மாறுகிறது. வெயில் பட்டதும் நீல ஒளி சிதறுகிறது. தூரத்து மலைகள் எல்லாம் நீலத் திரைக்குப் பின்னால் நிற்பது போல ஆகிவிடுகின்றன.

பார்க்க அழகுதான். ஆனால் படம் பிடிப்பவருக்கு அதுவே பெரிய எதிரி.

அந்த எதிரியோடு பல ஆண்டுகள் மல்லுக்கு நின்றவர் ஜார்ஜ் மாசா.

சலவைக்கு வந்தவர்

மாசா அமெரிக்கர் அல்ல, ஜப்பானியர். ஜார்ஜ் மாசா என்பது அவர் தாமே வைத்துக்கொண்ட பெயர். வாலிப வயதில் கடல் கடந்து அமெரிக்கா வந்தார். தம் பழைய கதையை அவர் அதிகம் பேசியதில்லை. அவருடைய ஊர் எது, குடும்பம் எது என்பது பல காலம் புதிராகவே இருந்தது.

1915-ம் ஆண்டு அவர் வட கரோலினாவில் உள்ள ஆஷ்வில் நகருக்கு வந்து சேர்ந்தார். அங்கே பணக்காரர்கள் தங்கும் குரோவ் பார்க் என்ற பெரிய ஓட்டலில் சலவைப் பகுதியில் வேலை கிடைத்தது. பிறகு விருந்தினர்களின் பெட்டியைத் தூக்குவது, அவர்களுக்கு வேண்டியதைச் செய்வது என்று வேலை மாறியது. தங்க வந்தவர்கள் எடுத்த போட்டோக்களைக் கழுவிக் கொடுக்கவும் ஆரம்பித்தார். அப்படித்தான் காமிராவோடு அவருக்கு உறவு ஏற்பட்டது. சில ஆண்டுகளில் ஓட்டல் வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக போட்டோ ஸ்டூடியோ நடத்தினார்.

ஆள் குள்ளம். உயரம் சுமார் ஐந்தடிதான். ஒல்லியான உடம்பு. அந்த உடம்போடு பெரிய மரக் காமிரா, மூன்று கால் தாங்கி, படத் தகடுகள் எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு மலை ஏறுவார். பாதை இல்லாத இடத்தில் புதருக்குள் புகுந்து போவார்.

பொன்னிற மலை

புகை மலையில் நூற்றுக்கும் மேற்பட்ட மர வகைகள் உண்டு. இலையுதிர் காலம் வந்துவிட்டால் மலையே நிறம் மாறிவிடும். செப்டம்பர் நடுவில் உச்சியில் நிறமாற்றம் தொடங்கும். அங்கிருந்து நாளுக்கு நாள் கீழே இறங்கி, நவம்பர் தொடக்கத்தில் பள்ளத்தாக்கை எட்டும். மேப்பிள் மரம் ரத்தச் சிவப்பு. பர்ச் மரமும் ஹிக்கரி மரமும் தங்க மஞ்சள். சிகரங்களில் மட்டும் ஊசியிலை மரங்கள் கரும்பச்சையாக நிற்கும்.

இத்தனை நிறமும் மாசாவின் காமிராவுக்கு இல்லை. அது கறுப்பு வெள்ளைக் காலம். சிவப்பும் மஞ்சளும் படத்தில் எப்படி வரும்?

அந்தக் காலத்தில் மலையைப் படம் பிடித்த எல்லோருக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. பழைய தகடுகளுக்குச் சிவப்பு நிறம் தெரியாது. தீப்போலச் சிவந்த மேப்பிள் மரம் படத்தில் கரிக்கட்டை போல வரும். நீலமோ அளவுக்கு மீறிப் பதியும். புகை நீலம் அல்லவா? அதனால் தூரத்து மலை எல்லாம் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துப் போகும். கண்ணுக்கு மங்கலாகவாவது தெரிந்த மலை, படத்தில் இருக்கவே இருக்காது!

இதற்கு ஒரு வழி உண்டு. எல்லா நிறமும் பதியக்கூடிய புதுவகைத் தகட்டைப் போட்டு, லென்சின் முன்னால் மஞ்சள் கண்ணாடி ஒன்றை மாட்டவேண்டும். அது நீல ஒளியைத் தடுக்கும். புகை விலகியது போல மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும். மஞ்சள் இலைகள் வெளுப்பாகப் பளிச்சென்று தெரியும். ஆனால் கண்ணாடியைப் போட்டால் உள்ளே போகும் வெளிச்சம் குறைந்துவிடும். லென்சை அதிக நேரம் திறந்து வைக்கவேண்டும். அந்த நேரத்தில் காற்று அடித்தால் போச்சு. இலைகள் ஆடும், படம் கலங்கிவிடும்.

ஆகையால் காற்று நிற்கும்வரை காத்திருக்கவேண்டும். மேகம் நகரும்வரை காத்திருக்கவேண்டும். காத்திருப்பதில் மாசாவை மிஞ்ச ஆள் இல்லை. ஒரே ஒரு படத்துக்காக அவர் மணிக்கணக்கில் பாறைமேல் உட்கார்ந்திருப்பார் என்று கூடப் போனவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

புகையை அடியோடு நீக்கிவிடுவதும் சரியல்ல. மாசாவின் படங்களைப் பாருங்கள். அருகில் உள்ள மலை கறுப்பாக இருக்கும். அடுத்தது சாம்பல் நிறம். அதற்கும் அப்பால் உள்ளது இன்னும் வெளுப்பு. மலைக்குப் பின் மலை என்று எத்தனை மைல் போகிறது என்பதைக் கண் உணருகிறது. அப்படி உணர வைப்பது அந்தப் புகைதான். எதிரியை அவர் வேலைக்காரனாக்கிக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

கோடரியும் காமிராவும்

அப்போது மலைக்குப் பெரிய ஆபத்து வந்திருந்தது. மரக் கம்பெனிகள் காட்டை வாங்கி வெட்டிக்கொண்டிருந்தன. மலைச்சரிவுகள் மொட்டையாயின. வெட்டிய இடத்தில் தீப்பிடித்தது. மழையில் மண் கரைந்தது.

மலை மக்களைப் பற்றிப் புத்தகம் எழுதிய ஹோரேஸ் கெபார்ட் என்ற எழுத்தாளர், காட்டைத் தேசியப் பூங்காவாக்கிக் காப்பாற்றவேண்டும் என்று எழுதினார். மாசா அவருக்கு நண்பரானார். ஒருவர் எழுதினார், மற்றவர் படம் பிடித்தார். மலையையே பார்த்திராதவர்களுக்கு அந்தப் படங்கள் போய்ச் சேர்ந்தன. குடியரசுத் தலைவர் கூலிட்ஜின் மனைவிக்கும் படங்கள் அனுப்பப்பட்டன.

பூங்காவுக்கு நிலம் வாங்கப் பணம் வேண்டுமே! இரண்டு மாநிலங்களும் தலைக்கு 20 லட்சம் டாலர் கொடுக்க முன்வந்தன. பள்ளிப் பிள்ளைகள் காசு சேர்த்தார்கள். 1928-ல் ராக்பெல்லர் 50 லட்சம் டாலர் கொடுத்தார்.

மாசா இன்னொரு வேலையும் செய்தார். சைக்கிளின் முன்சக்கரத்தையும் கைப்பிடியையும் கழற்றி, தூரம் காட்டும் கருவியை அதில் பொருத்தினார். அதை உருட்டிக்கொண்டே நடந்து மலைப் பாதைகளை அளந்தார். சிகரங்களின் பெயர்களைச் சரிபார்த்தார். புகழ்பெற்ற அப்பலாச்சியன் நடைபாதை வட கரோலினாவில் எந்த வழியாகப் போகவேண்டும் என்று தீர்மானிக்கவும் உதவினார்.

இதில் வேதனையான விஷயம் ஒன்று உண்டு. எந்த நாட்டின் மலைக்காக இப்படி உழைத்தாரோ, அந்த நாட்டின் பிரஜையாக அவர் ஆக முடியாது. ஜப்பானில் பிறந்தவர்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடையாது என்பது அன்றையச் சட்டம். 1952-ல்தான் அந்தத் தடை நீங்கியது.

கடைசி ஆசை

1931 ஏப்ரல் 2-ந் தேதி மோட்டார் விபத்தில் கெபார்ட் இறந்துபோனார். மாசா இடிந்து போனார். நாட்டில் பொருளாதார வீழ்ச்சி. ஆஷ்வில் நகரத்து பாங்கிகள் மூடப்பட்டன. மாசாவின் சேமிப்பும் கரைந்தது. அப்படியும் வேலையை நிறுத்தவில்லை. 1933-ல், பத்திரிகை நண்பர் ஒருவருடன் சேர்ந்து பூங்காவுக்கு ஒரு வழிகாட்டிப் புத்தகம் வெளியிட்டார்.

அதே ஆண்டு ஜூன் 21-ந் தேதி, நோயாளியாக, கையில் காசு இல்லாமல் மாசா இறந்தார். வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். பிரைசன் நகரில் கெபார்ட்டின் பக்கத்தில் தம்மைப் புதைக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. அங்கே கொண்டுபோகப் பணம் இல்லை. கூட மலையேறிய நண்பர்கள் ஆஷ்விலிலேயே அடக்கம் செய்தார்கள்.

ஓர் ஆண்டு கழித்து, 1934 ஜூன் 15-ந் தேதி, பூங்கா அமைந்தது. 1940-ல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் மலைக்கு வந்து விழா நடத்தினார். ஐந்து லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட அந்தக் காட்டைப் பார்க்க இப்போது ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் மக்கள் வருகிறார்கள். அக்டோபர் மாதத்தில் கார்கள் வரிசையாக ஊர்ந்து போகின்றன.

மாசாவின் நெகடிவ்கள் பிறர் கைக்குப் போயின. பல காணாமற் போயின. அவர் பெயரும் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. 1961-ல் அவரைத் தெரிந்தவர்களின் முயற்சியால் 5,685 அடி உயரமுள்ள ஒரு சிகரத்துக்கு மாசா சிகரம் என்று பெயர் வைத்தார்கள்.

அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது, 6,217 அடி உயரமுள்ள கெபார்ட் சிகரம்.