சதுரங்க வீரர் மகேஷ் சந்திரர்

மதுரையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், கோவில் மண்டபத்துக் கல்தரையில் ஆடு புலி ஆட்டத்திற்காகச் செதுக்கிய கோடுகளை நாம் கண்டிருப்போம். அதில் ஒரு பக்கம் 3 புலிகள். மறு பக்கம் 15 ஆடுகள். இரு பக்கத்திற்கும் பலம் வேறு, வழி வேறு. சதுரங்கம் அப்படியன்று. இருவருக்கும் 16 காய்கள். ஓர் அணி மற்ற அணிக்குக் கண்ணாடி பிடித்தாற்போல் நிற்கும். அந்தச் சமமான பலகையில் பெயர் பெற்ற ஓர் இந்தியரைப் பற்றி இங்கே காண்போம்.

அவர் பெயர் மகேஷ் சந்திர பந்தோபாத்தியாயர். வங்காளத்தில், கல்கத்தாவிற்கு வெளியே நாட்டுப்புறத்தில் வாழ்ந்த அந்தணர். நம் நாட்டு முறைப்படி சதுரங்கம் பயின்றவர். அம்முறையில் சிப்பாய் முதல் நகர்விலும் இரண்டு கட்டம் செல்லாது. ஒவ்வொரு கட்டமாகவே நகரும். 1848-ஆம் ஆண்டில் கல்கத்தா சதுரங்கக் கழகத்தைச் சேர்ந்த ஒருவர் இவருடைய திறமையைக் கண்டு வியந்து, நகருக்கு அழைத்து வந்தார்.

அங்கே இவருக்கு எதிரே அமர்ந்தவர் ஜான் காக்ரேன் என்னும் ஸ்காட்லாந்து வழக்கறிஞர். 1822-இலேயே சதுரங்க நூல் எழுதியவர். அப்போது நம் நாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் இருந்தது. ஆளும் இனத்தவர் ஒருவரும் நாட்டுப்புற அந்தணர் ஒருவரும் சமமாக எதிரெதிரே அமரக்கூடிய இடங்கள் மிகச் சிலவே. சதுரங்கப் பலகை அவற்றுள் ஒன்று. இருவரும் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினர்.

1848-இல் ஆடிய ஓர் ஆட்டம் இன்றும் பேசப்படுகிறது. வெள்ளைக் காய் ஆடிய காக்ரேன், ராஜாவின் முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினார். மகேஷ் சந்திரரும் அவ்வாறே செய்தார். காக்ரேன் குதிரையைக் கொண்டுவந்து அச்சிப்பாயைத் தாக்கினார்; இவரும் தம் குதிரையால் எதிரியின் சிப்பாயைத் தாக்கினார். ரஷிய வீரர் பெட்ரோவின் பெயரால் வழங்கும் தற்காப்பு இது. அடுத்து வெள்ளைக் குதிரை சிப்பாயை வெட்டியது.

இங்கும் அப்படியே பின்பற்றிக் கறுப்புக் குதிரையும் சிப்பாயை வெட்டினால் என்ன ஆகும்? வெள்ளை ராணி தன் ராஜாவின் முன் வந்து நின்று, அக்குதிரையைத் தாக்கும். குதிரை அஞ்சிப் பின்வாங்கினால், வெள்ளைக் குதிரை வழிவிட்டுத் தாவும். ராணியால் ராஜாவுக்குச் செக். அதே தாவலில் குதிரையால் கறுப்பு ராணிக்கும் ஆபத்து. ராஜாவைக் காத்தால் ராணி போய்விடும்!

மகேஷ் சந்திரர் அந்தக் குழியில் விழவில்லை. ராணியின் முன்னிருந்த சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, வெள்ளைக் குதிரையை விரட்டினார். காக்ரேனும் எளிதில் பணியவில்லை. ராஜாவின் பக்கத்திலிருந்த சிப்பாயை வெட்டிக் குதிரையைப் பலி கொடுத்தார். அதை வெட்டிய கறுப்பு ராஜா, கோட்டை கட்டும் உரிமையை இழந்தார். இரண்டு சிப்பாய்களுக்காக ஒரு குதிரையைத் தரும் இத்துணிச்சல் இன்றும் ‘காக்ரேன் கேம்பிட்’ எனப்படுகிறது.

மகேஷ் சந்திரருக்கென்று ஒரு தனி வழியும் இருந்தது. சிப்பாயை ஒரே கட்டம் ஏற்றி, அதன் பின்னால் மந்திரியை நிறுத்தி, பலகையின் நீண்ட மூலைக்கோட்டை ஆள்வார். நம் நாட்டு ஆட்டத்திலிருந்து அவர் கொண்டுவந்த பழக்கம் அது. 1855-இல் அம்முறையில் ஆடி, காக்ரேனிடம் தோற்றார். ஆனால் அதே தொடக்கத்தை 1922-இல் வியன்னா வீரர் குருன்ஃபெல்ட் கையாண்டார். பின்னர் அது உலகெங்கும் பரவியது. அன்று தோற்ற ஆட்டம் இன்று நூல்களில் நிலைத்திருக்கிறது. இத்தகைய தொடக்கங்களுக்கு இந்தியத் தற்காப்பு என்னும் பெயரும் நிலைத்துவிட்டது.

நம் தமிழகத்து விஸ்வநாதன் ஆனந்தும் 1988-இல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் இதே பெட்ரோவ் தற்காப்பை ஆடினார். முன்பு வேறொருவர் ஆடிய நகர்வையே தாமும் ஆடி, ஆறே நகர்வில் தோற்றார். பின்னர் அவர் உலக வெற்றிவீரரானதை நாம் அறிவோம்.

பிறரைப் பார்த்துக் கற்பது தவறன்று. முதல் இரண்டு நகர்வுகளை மகேஷ் சந்திரரும் அப்படித்தான் ஆடினார். மூன்றாவது நகர்வு அவருடையது. பக்கத்து மாணவியின் தாளையோ வழக்கத்தையோ பார்த்து நடக்கும் நாமும், நமக்குரிய மூன்றாவது நகர்வு எது என்று நின்று யோசிப்போம். இறைவன் தந்த தாலந்தை மண்ணில் புதைக்காமல் பயன்படுத்த அதுவே வழி.