விடுதலை தேடிய பெருமகன் டால்ஸ்டாய்

மனிதனைப் பிணிக்கும் தளைகளுள் ஆசையே வலியது என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். மண்ணாசை, பொன்னாசை, புகழாசை என அதனைப் பகுத்தும் உரைத்தனர். ஆயினும் உணர்ந்து உரைப்பது எளிது. உரைத்தபடி வாழ்வது அரிது. அவ்வாறு வாழ முற்பட்டு, நெடுங்காலம் தம்மோடு தாமே போராடி, இறுதியில் ஒரு சிறு ரயில் நிலையத்தில் கண் மூடிய பெருமகனார் ஒருவரின் வரலாற்றை இம்மலரின் வாயிலாக நம் காலனி அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம். ரயில்வேயில் எழுத்தராகப் பணியாற்றும் எமக்கு, அந்த நிலையமே இவ்வரலாற்றின் வாயிலாக அமைந்தது.

லியோ டால்ஸ்டாய் 1828ஆம் ஆண்டு, ருஷ்ய நாட்டின் தூலா மாகாணத்தில், யாஸ்னயா போல்யானா என்னும் பண்ணையில், பழம்பெருமை வாய்ந்த பிரபுக் குடும்பத்தில் தோன்றினார். இரண்டு வயது நிரம்புமுன் தாயையும், ஒன்பது வயது நிரம்புமுன் தந்தையையும் இழந்தார். அவருடைய மூத்த அண்ணன் நிக்கொலாய் தம்பியருக்கு ஒரு கதை சொல்வதுண்டு. மக்கள் அனைவரும் பகையும் பிணியுமின்றி இன்புற்று வாழ்வதற்குரிய இரகசியம் ஒரு பச்சைக் குச்சியில் எழுதப்பட்டு, பண்ணைக் காட்டின் ஓடைக் கரையில் புதைக்கப்பட்டிருக்கிறது என்பதே அக்கதை. இப்பச்சைக் குச்சியை அன்பர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம்.

1844இல் கஸான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த இளைஞர், பட்டம் பெறாமலே 1847இல் ஊர் திரும்பினார். யாஸ்னயா போல்யானா அவருடைய பங்காக வந்தது. நிலத்தோடு சேர்த்து, அதில் உழுத முந்நூற்றுக்கு மேற்பட்ட ஆண் பண்ணையடிமைகளும் அவர்தம் குடும்பத்தினரும் அவருக்கு உடைமையாயினர். மனிதர் மனிதருக்குச் சொத்தாக இருந்த காலம் அது. இளமையும் செல்வமும் அவரைச் சூதாட்டத்தில் தள்ளின. அவர் பிறந்த மாளிகையே விற்கப்பட்டு, பெயர்த்தெடுத்துச் செல்லப்பட்டது. வந்த பணமும் சீட்டாட்டத்தில் கரைந்தது. பின்னர்ப் படையில் சேர்ந்து, 1854–55இல் செவஸ்தபோல் முற்றுகையின் கொடுமையை நேரில் கண்டு எழுதினார். அவ்வெழுத்து அவருக்குப் புகழைத் தேடித் தந்தது. போரின்பால் வெறுப்பையும் விதைத்தது.

1859இல் தம் பண்ணையில் குடியானவர் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கித் தாமே பாடம் சொல்லிக்கொடுத்தார். 1861இல் ருஷ்யப் பேரரசர் பண்ணையடிமை முறையை ஒழித்தபோது, நிலக்கிழார்களுக்கும் குடியானவர்களுக்கும் இடையே வழக்குத் தீர்க்கும் நடுவராக அமர்ந்தார். குடியானவர் பக்கமே சாய்கிறார் என்று நிலக்கிழார்கள் அவரைப் பகைத்தனர். 1862இல் தம்மினும் பதினாறு வயது இளையவரான ஸோபியா அம்மையாரை மணந்தார். 1869இல் முற்றுப்பெற்ற போரும் அமைதியும் என்னும் பெருநூலும், அடுத்து வந்த அன்னா கரீனினாவும் உலகப் புகழை அவர் காலடியில் கொணர்ந்து கொட்டின. விளங்காத கையெழுத்திலிருந்த பக்கங்களை இரவெல்லாம் விழித்திருந்து மீண்டும் மீண்டும் படியெடுத்துத் தந்தவர் அந்த அம்மையாரே.

புகழ் பெருகியபோது ஆசையும் உடன் பெருகியது. 1871இல் சமாரா மாகாணத்தின் புல்வெளியில், பஷ்கீர் மக்கள் மந்தை மேய்த்த பகுதியில், ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தை மலிவாக வாங்கினார். பின்னர் மேலும் வாங்கினார். ஆனால் ஐம்பதாம் வயதை நெருங்குகையில், இத்தனையும் எதற்காக என்னும் கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. தூக்கிட்டுக்கொண்டு விடுவோமோ என்றஞ்சிக் கயிற்றையும் தம் கண்ணிற் படாமல் மறைத்து வைத்தாராம். அனைத்தும் உடைய மனிதர், உயிர் வாழக் காரணமின்றித் தவித்தார். அதற்கு விடை தேடிய முயற்சியே அவருடைய பிற்கால வாழ்வு.

1886இல் அவர் எழுதிய சிறுகதை ஒன்று, ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்று வினவுகிறது. பாஹோம் என்னும் குடியானவன் முதலில் சிறு நிலம் வாங்குகிறான்; வாங்கியதுமே அண்டை வீட்டாரோடு மேய்ச்சல் தகராறு தொடங்குகிறது. மேலும் நிலம் தேடி ஊர் விட்டு ஊர் செல்கிறான். கடைசியில் பஷ்கீர் மக்களிடம் வருகிறான். ஆயிரம் ரூபிள் கொடுத்தால், ஒரு பகலில் நடந்து வளைக்கும் நிலமெல்லாம் அவனுக்கு; கதிரவன் மறையுமுன் புறப்பட்ட இடத்திற்குத் திரும்பாவிடில் பணம் போயிற்று. இது நல்ல நிலம், அது இன்னும் நல்ல நிலம் என்று நெடுந்தொலைவு நடந்துவிட்டு, மாலையில் மூச்சிரைக்க ஓடி வந்து, எல்லையைத் தொட்டவாறே உயிர் விடுகிறான். தலை முதல் கால் வரை ஆறடிக் குழியே அவனுக்குத் தேவைப்பட்டது. பஷ்கீர் நிலத்தைத் தாமே வாங்கிக் குவித்தவர் இக்கதையை எழுதினார் என்பதை எண்ணிப் பார்த்தால், அவர் பிறரைப் பழிக்கவில்லை, தம் நெஞ்சையே கிழித்துக் காட்டினார் என்பது விளங்கும்.

எழுதியதோடு அவர் நிற்கவில்லை. 1881க்குப் பின் எழுதியவற்றை எவரும் பணமின்றி அச்சிடலாம் என 1891இல் அறிவித்தார். சொத்துக்களை மனைவி மக்களுக்குப் பிரித்தளித்தார். அவ்வாண்டில் பஞ்சம் வந்தபோது ஊர் ஊராக உணவுச்சாலைகள் அமைத்தார். போர்த்தொழிலை மறுத்ததால் துன்புறுத்தப்பட்ட துகோபார் மக்கள் கனடா செல்ல, 1899இல் வெளிவந்த புத்துயிர்ப்பு நாவலின் ஊதியத்தை வழங்கினார். 1901இல் ருஷ்யத் திருச்சபை அவரை விலக்கி வைத்தது.

ஆனால் வீட்டில் அமைதி இல்லை. பதின்மூன்று மக்களைப் பெற்ற அம்மையார், குடும்பத்தின் எதிர்காலம் கருதி நூலுரிமையைக் கைவிட மறுத்தார். அவரைக் குறை கூறுவது எளிது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நம் இல்லத்தரசியர் அவர் மனத்தை நன்கறிவர். துறவை விரும்பியவர் ஒருவர். அதன் சுமையைத் தாங்கியவர் மற்றொருவர். எளிமையைப் போதித்துக்கொண்டு பணியாளர் சூழ மாளிகையில் வாழும் முரண்பாடு டால்ஸ்டாயையும் அரித்தது.

இந்நிலையில் நம் நாட்டோடும் அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. 1908இல் இந்தியர் ஒருவருக்கு அவர் எழுதிய நீண்ட மடலில், தீங்கு செய்தவருக்கு நன்மை செய்யும் திருக்குறள் நெறியை எடுத்தாண்டார் என்பது தமிழர்க்குப் பெருமை. அம்மடலைக் கண்ட காந்தியடிகள் 1909இல் அவருக்குக் கடிதம் எழுதினார். 1910இல் காலன்பாக் அளித்த 1,100 ஏக்கரில், ஜொகன்னஸ்பர்க் நகருக்கு அருகே டால்ஸ்டாய் பண்ணை எழுந்தது. சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கு வாழ்ந்தன. அவர்களுள் தமிழர் பலர். அடிகளே அங்குப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தார். சொந்த வேலையாக நகருக்குச் செல்வோர் நடந்தே செல்ல வேண்டும் என்பது அப்பண்ணையின் விதி.

அதே 1910ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள், விடியுமுன் இருளில், எண்பத்திரண்டு வயது முதியவர் தம் மருத்துவரை உடனழைத்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறினார். நெரிசலும் புகையும் மிகுந்த மூன்றாம் வகுப்புப் பெட்டியில் பயணம் செய்தார். வழியில் காய்ச்சல் கண்டது. 13ஆம் நாள் அஸ்தாபோவோ என்னும் சிறு நிலையத்தில் இறக்கப்பட்டார். நிலைய அதிகாரி ஓசலின் தம் வீட்டையே அவருக்கு விட்டுக்கொடுத்தார். செய்தியாளர் குவிந்தனர், தந்திக்கம்பிகள் ஓயாது ஒலித்தன. தனி ரயிலில் விரைந்து வந்த அம்மையார், கணவருக்கு நினைவு தவறிய பின்னரே உள்ளே அனுமதிக்கப்பட்டார். 20ஆம் நாள் காலை 6 மணி 5 நிமிடத்திற்கு அவருயிர் பிரிந்தது. அந்நிலையம் பின்னர் அவர் பெயரையே பெற்றது.

பச்சைக் குச்சி புதைந்ததாகச் சொல்லப்பட்ட ஓடைக் கரையிலேயே, அவர் விருப்பப்படி, அவரை அடக்கம் செய்தனர். சிலுவையில்லை, கல்லில்லை, பெயருமில்லை. புல் மூடிய சிறு மண்மேடு மட்டுமே உண்டு. அவர் கேட்ட கேள்விக்கு அவருடைய கல்லறையே விடையாயிற்று.

இவ்வரலாற்றை எழுதும் தகுதி எமக்கு உண்டா என்று ஐயுற்றோம். தந்தையார் விட்டுச்சென்ற நிலத்தில் ஒன்பது சென்ட் குறித்து, எமக்கும் எம் தமையனாருக்கும் ஆறு ஆண்டுகளாக வழக்கு நடக்கிறது. பிள்ளைகளை ஊருக்கு அழைத்துச் செல்ல வேண்டிய பாஸை வாய்தாவுக்குப் போய்வரவே செலவிட்டோம். பாஹோமாவது தன் காலால் நடந்தான். யாமோ ரயிலில் ஓடினோம்! வரும் பொங்கலுக்குக் குடும்பத்தோடு சென்று, தமையனார் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசுவதென முடிவு செய்துள்ளோம். அவர் ஏற்பாரோ மறுப்பாரோ, அறியோம். போவது மட்டும் உறுதி.

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நாம், முன்னேற ஆசைப்படுவதில் தவறில்லை. எவ்வளவு போதும் என்று எல்லை வகுத்துக்கொள்வதே விடுதலை. நம் சங்கத்துக் குடும்பங்கள் யாவும் அவ்விடுதலை பெற்று, ஒற்றுமையோடு நீடு வாழ்க!