அளவு கண்ட அம்மையார்

ஆம்பூர்த் தோல் வணிகர், பதனிட்ட தோலைச் சதுர அடிக் கணக்கில் அளந்து விலை பேசுவர். அயல்நாட்டில் வாங்குவோர்க்கும் அதே அடிதான். ஆகவே வாணிகம் வழக்கின்றி நடைபெறும். புற்றுநோயைத் தீர்க்க ரேடியத்தை ஆளத் தொடங்கிய காலத்தில், அதற்கு இத்தகைய பொது அளவு இல்லை. அளவு மிகின் உடல் வெந்து புண்ணாகும். குறையின் நோய் தீராது. ஒரு மருத்துவர் இட்ட அளவை மற்றொருவர் ஐயமின்றிப் பின்பற்ற இயலவில்லை. இக்குறையைப் போக்க முன்வந்தவர் மேரி கியூரி அம்மையார்.

இவர் 1867-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7-ஆம் நாள் போலந்து நாட்டு வார்சா நகரில் பிறந்தார். 1891-இல் பாரிசு சென்று கற்றார். 1895-இல் பியரி கியூரியை மணந்தார். இருவரும் 1898-இல் பொலோனியம், ரேடியம் என்னும் தனிமங்களைக் கண்டறிந்தனர். மழை ஒழுகும் கொட்டகையில் டன் கணக்கான கனிமக் கழிவைக் காய்ச்சிக் காய்ச்சி, 1902-இல் அம்மையார் பெற்ற தூய ரேடிய உப்பு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கே! 1906-இல் கணவர் தெருவில் வண்டியில் சிக்கி மாண்டார். அம்மையார் துயரை அடக்கிக்கொண்டு ஆய்வைத் தொடர்ந்தார்.

1910-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடிய அறிஞர்கள், உலகிற்கெல்லாம் ஒரே ரேடிய அளவை ஆக்கித் தருமாறு இவரையே வேண்டினர். கதிரியக்க அளவின் அலகுக்குக் கியூரி என்னும் பெயரும் அப்போதே வழங்கலாயிற்று. 1911 ஆகஸ்டில் அம்மையார் 21.99 மில்லிகிராம் தூய ரேடியம் குளோரைடைக் கண்ணாடிக் குழாயில் இட்டு, வாயை உருக்கி மூடினார். வேறொரு குழாயிலுள்ள ரேடியத்தை அளக்க அதை உடைக்க வேண்டுவதில்லை. இரண்டும் வெளிவிடும் காமாக் கதிர்களின் வலிமையை ஒப்பிட்டாற் போதும்.

ஆயினும் அக்குழாயைத் தம் ஆய்வகத்திலேயே வைத்துக்கொள்ள அம்மையார் விரும்பினார். அரும்பாடுபட்டு ஆக்கிய பொருளைப் பிரிய மனம் ஒப்பாமை இயல்பே. உலகோர்க்குரிய அளவு தனியொருவரிடம் இருத்தல் தகாது என்று பிற அறிஞர் கருதினர். 1912 மார்ச்சில் வியன்னாவில் ஆக்கப்பட்ட குழாய்களோடு இதை ஒப்பிட்டபோது, இரண்டும் நன்கு ஒத்திருந்தன. அம்மையாரும் இசைந்தார். 1913-இல் அக்குழாய் பாரிசை அடுத்த செவ்ரே என்னும் ஊரிலுள்ள பன்னாட்டு எடை அளவு நிலையத்தை அடைந்தது.

உலகிற்கு அளவு தந்த இவர், தம் உடலில் பட்ட கதிருக்குக் கணக்கு வைக்கவில்லை. நெடுங்காலம் கதிர்களிடையே உழைத்து, குருதி குன்றும் நோயுற்று, 1934 ஜூலை 4-ஆம் நாள் மறைந்தார்.

ரேடியத்தின் இடத்தை இன்று வேறு பொருள்கள் பெற்றுள்ளன. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி போன்ற மருத்துவமனைகளில் எலும்பு முதலிய உறுப்புகளைப் படமெடுக்க டெக்னீசியம் பயன்படுகிறது. அதன் வீரியம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும்; காலையில் அளந்த அளவு மாலைக்குப் பொருந்தாது. ஆகவே நோயாளிக்குச் செலுத்துமுன் கருவியிலிட்டு அளக்கின்றனர். 1975 முதல் பெக்கரல் என்பதே பன்னாட்டு அலகு. எனினும் மருத்துவர் பலர் மில்லிகியூரிக் கணக்கிலேயே இன்றும் பேசுகின்றனர். இக்கருவிகள் பிழைபடாதிருக்க ஒப்பிட்டுப் பார்க்கும் நம் நாட்டு மூல அளவைப் பாதுகாத்து வருவது மும்பையை அடுத்த டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையம்.