பெரியம்மையா, தட்டம்மையா? 1,100 வருஷத்துக்கு முன்பே வித்தியாசம் சொன்ன டாக்டர்... யார் இந்த அல் ராஸி?

காய்ச்சல் அடிக்குது, உடம்பெல்லாம் தடிப்பு. பெரியம்மையா, தட்டம்மையா? டெஸ்ட் எடுக்க லேப் இல்லாத காலத்தில் இந்தக் குழப்பத்துக்கு விடை தேடியவர் அல் ராஸி.

இன்றைய ஈரானின் ரே நகரில் 9-ம் நூற்றாண்டில் பிறந்தவர். ரே, பாக்தாத் மருத்துவமனைகளுக்குத் தலைமை வகித்தவர்.

காய்ச்சல் ரெண்டு நோயிலும் வரும். அதை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது. எனவே, எந்த அறிகுறி எதில் அதிகம் என்று கவனித்தார். முதுகுவலி தூக்கலா இருந்தா பெரியம்மை, குமட்டலும் பதற்றமும் தூக்கலா இருந்தா தட்டம்மை எனப் பிரித்து, தனி நூலே எழுதினார்.

ஏன் இது முக்கியம்? பெரியம்மை, உயிர் பிழைத்தவர்களின் பார்வையையும் பறிக்கும். கண்ணைக் காக்கும் வழிகளையும் அதே நூலில் சேர்த்தார். முதுமையில் அவரே பார்வையை இழந்தார். 925 வாக்கில் மறைந்தார்.

ஒரே மாதிரி அறிகுறிகளில் வித்தியாசம் தேடும் அந்த வேலையைத்தான் டாக்டர்கள் இன்றும் செய்கிறார்கள்.